பேர் சொல்லாத பெருமை

லாரி மெக்கானிக்கை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பொரு சமயம் ஒரு வேனுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கி நழுவியபோது, அடியில் மாட்டிக்கொண்டவர் ஊர்ந்து வெளியே வரும்வரை வண்டியின் ஓரத்தைத் தோளில் தாங்கி நின்றாராம். அதைக் கண்ணால் பார்த்தவர்களைவிட அவர் வாயால் கேட்டவர்கள்தான் அதிகம். பெருமையடிக்க ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மகள் வாலிபால் ஆட ஆரம்பித்த பிறகு வேன் கதைக்கு ஓய்வு கிடைத்தது. வண்டியை ரிப்பேருக்கு விட வந்தவர் சாவியை நீட்டுவதற்குள் ஜாக்கி போனை நீட்டிவிடுவார். "இதைப் பாருங்க. என் பொண்ணு. இந்த வயசுல இப்படி ஒரு சர்வீஸ் நீங்க எங்கேயாவது பாத்திருக்கீங்களா?" கிளட்ச் போன கவலையில் இருக்கும் டிரைவர் பாவம், தலையை ஆட்டி வைப்பார். ஆட்டாவிட்டால் வண்டி தாமதமாகும் என்று ஒரு பேச்சு இருந்தது.

வீட்டில் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். பதின்மூன்று வயதுக்கு நெடுநெடுவென்று வளர்ந்து, அம்மாவைக் குனிந்து பார்க்கும் உயரம் வந்துவிட்ட பிறகும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அப்பா பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட அம்மா பேசமாட்டாள். ஆனால் அவள் பார்வையிலிருந்து எதுவும் தப்பாது. குட்டி முட்டி வலிக்கிறது என்று சொல்லி மைதானத்துக்குப் போவதை நிறுத்தியபோது, "முட்டி வலிக்கிறவ மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி ஏறுறா. என்னமோ இருக்குங்க" என்று கணவரிடம் சொன்னவளும் அவள்தான். மகளிடமும் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அம்மாவும் விரட்டவில்லை. "எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு. எதுவா இருந்தாலும் சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சொல்லத் தோன்றியது ஒரு சாயங்காலம். ஜாக்கி பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து கியர்பாக்ஸ் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். வண்டியின் பக்கத்தில் குட்டியின் வெள்ளை ஷூ வந்து நின்றது.

"வாடா செல்லம். இதோ வந்துட்டேன்."

"வராதேப்பா. அடியிலேயே இரு."

"ஏன்டா?"

"உன் முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. நான் முடிக்கிறவரைக்கும் அப்படியே இரு."

ஜாக்கி அப்படியே இருந்தார். ஷூ மடங்கியது. அவள் தரையில் உட்கார்ந்தாள் போலிருக்கிறது. லாரியின் டயரோடு பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் கோச் அவளை மட்டும் வலையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்கு வரச் சொல்வாராம். தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்றுதான் ஆரம்பித்தாராம். தொடக் கூடாத இடங்களில் தொட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. ஒரு தடவை அல்ல. வெளியே சொன்னால் டீமை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றிருக்கிறார். "உங்கப்பனுக்கு நீ மெடல் வாங்குறதுதான் உசுரு. நீ சொன்னா அவனே நம்ப மாட்டான்" என்றும் சொல்லியிருக்கிறார்.

லாரியிலிருந்து ஒரு சொட்டு ஆயில் ஜாக்கியின் கழுத்தில் விழுந்து காதுப் பக்கம் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. கைகள் இரண்டும் போல்ட்டைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தன.

"அப்பா? இருக்கியா?"

"இருக்கேன்டா."

"நம்புறியா?"

"நம்புறேன். ஒரு எழுத்து விடாம நம்புறேன். மெடலாவது மண்ணாவது. எனக்கு நீதான் உசுரு."

வெள்ளை ஷூவின் நாடாவை அவள் விரல்கள் அவிழ்த்துக் கட்டின. பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லை. ஒரு நூல் அளவுகூட இல்லை. தப்பு முழுக்க அவனோடது."

"சரி. இப்ப வெளியே வா."

வெளியே வந்தவருக்கு மகளை எங்கே தொடுவது, தொடலாமா கூடாதா என்றே தெரியவில்லை. "கையெல்லாம் கிரீஸ்டா" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு திருடன்போல் நின்றார். "பரவால்லப்பா" என்று அவளே வந்து அவர் தோளில் நெற்றியைச் சாய்த்தாள். அழுதாள். அவரும் அழுதார். லாரிக்கு வாயிருந்தால் அதுவும் அழுதிருக்கும்.

அழுகை அடங்கியதும் ஜாக்கியின் கண் சுவரில் தொங்கிய வீல் ஸ்பானர் பக்கம் போனது. முழ நீளத்துக்கு இரும்பு. கையும் அதை எடுத்துவிட்டது. குட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா."

"விடுடா. அவனை..."

"நீ போய் அவரை அடிச்சா, நாளைக்கு எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசுவாங்க. போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும். அவர் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பாவம்னு பேர் வாங்கிடுவார். நான் சொன்னது காணாமப் போயிடும். நான் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன் தெரியுமா?"

ஜாக்கி ஸ்பானரை ஆணியில் மாட்டினார். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எதுவும் உள்ளே போனதில்லை. இது போனது.

அம்மாவிடம் குட்டியே சொன்னாள். அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் மகளின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, "சொன்னியே, அது போதும். இனிமே இதை நீ தனியாச் சுமக்க வேண்டாம்" என்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அவள் கடையில் கண்ணாடிக்கு அளவெடுக்கும் நாற்காலிக்கு எதிரே அந்த எண் ஒட்டியிருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம்.

உதவி மையத்திலிருந்து ஓர் ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். குள்ளமான பெண்மணி, தோளில் அவரைவிடப் பெரிய பை. வந்ததும் பெரியவர்களிடம் பேசாமல் குட்டியின் எதிரில் போய் உட்கார்ந்தார். "உனக்கு என்ன வேணும்னு முதல்ல நீ சொல்லு. அப்புறம் நாங்க என்ன செய்ய முடியும்னு சொல்றேன்" என்றார். குட்டி யோசித்துப் பதில் சொன்னாள்: "அவர் வேற யாருக்கும் இதைச் செய்யக் கூடாது. என் பேரு வெளியே வரக் கூடாது. எனக்கு மறுபடியும் விளையாடணும்."

"மூணும் நியாயம்" என்றார் ஆலோசகர்.

பெண் போலீஸ் அதிகாரி சீருடை இல்லாமல் சாதாரண உடையில் வந்து, வீட்டில் உட்கார்ந்தே வாக்குமூலம் வாங்கிக்கொண்டார். மருத்துவப் பரிசோதனையின்போது அம்மா கூடவே இருந்தாள். கிளம்பும்போது ஆலோசகர் ஜாக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், திரும்பத் திரும்பக் கிண்டிக் கிண்டிக் கேட்காதீங்க. அவளாப் பேசினா கேளுங்க, பேசலைன்னா சும்மா பக்கத்துல இருங்க. அதிகாரிங்க வேலையை முடிக்கிறவரைக்கும் அந்த ஆளுகிட்ட மூச்சு விடாதீங்க. உஷாராகிட்டா மத்த பிள்ளைங்களையும் மிரட்டி வாயை அடைச்சிடுவான்."

மூச்சு விடாமல் இருப்பது லேசா? அடுத்த நாளே, ரிப்பேர் முடிந்த லாரியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவர் மைதானத்துக்கு எதிரே சிக்னலில் நின்றார். வேலிப் பக்கம் நின்றிருந்த கோச் சிரித்துக்கொண்டே ஜன்னலருகில் வந்தார்.

"என்ன ஜாக்கி, பொண்ணுக்கு முட்டி வலி சரியாச்சா? பெரிய மேட்ச் வருது. அனுப்பி வைங்க."

ஜாக்கியின் கை கியர் கம்பியில் இருந்தது. அதைப் பிடுங்கி எடுத்துவிடுவார்போல் இறுக்கினார். கதவைத் திறந்து இறங்க ஒரு நொடி ஆகாது.

"டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார்" என்றார். குரல் யாருடையதோ போல் இருந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்துப் பட்டறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே தலையைக் காட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: "வேனைத் தூக்கினது எல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. இன்னைக்கு நான் தாங்கினதுதான் பாரம்."

"குட்டி இதைவிடப் பெரிசைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கா" என்றாள் மனைவி.

அந்த வாரம் முடிவதற்குள் கோச்சைக் கைது செய்தார்கள். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. பள்ளிக்கூட அரங்கத்தில் டீம் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டினார்கள். ஜாக்கியும் மனைவியும் கிளம்பும்போது குட்டி வாசலில் நின்றாள்.

"அப்பா, உனக்கு வாய் நிக்காது. என் பேரைச் சொல்லிடாதே. எனக்கு வெட்கம்னு நினைக்காதே, வெட்கப்பட வேண்டியவர் உள்ளே இருக்கார். ஆனா இது என்னோட விஷயம். யாருக்குச் சொல்றது, எப்பச் சொல்றதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

அரங்கத்தில் மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. அதைவிட அதிகமாகச் சுற்றியது பேச்சு. முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மகளும் அதே டீம். எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எத்தனை வருஷமா இந்த மனுஷன் நம்ம பிள்ளைங்களை ஆட வச்சுக் கோப்பை வாங்கிக் குடுத்திருக்கார்! டீம்ல இடம் கிடைக்காத யாரோ ஒரு பொண்ணு கதை கட்டி விட்டிருக்கா. யாரு அது? தைரியம் இருந்தா முன்னால வரச் சொல்லுங்க. நாளைக்கு நம்ம பொண்ணுங்க பேரும் சேர்ந்துதானே கெடும்?"

"அதானே!" என்று பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.

ஆலோசகர் மேடையிலிருந்து பொறுமையாகப் பதில் சொன்னார். பிள்ளையின் பெயரை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது என்றார். இப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டார் மதிப்பவர்கள் என்றார். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது என்றார். அவர் சொல்லச் சொல்ல, "யாரு, யாரு" என்ற முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

ஜாக்கிக்கு நாக்கு நுனியில் நின்றது. என் பொண்ணுடா. நீங்க எல்லாரும் கோழைன்னு நினைக்கிறீங்களே, அவ என் பொண்ணு! மனைவி அவர் முழங்கை மேல் கையை வைத்தாள். அவர் எழுந்தார்.

"என் பொண்ணும் இந்த டீம்லதான் ஆடுறா. எல்லாருக்கும் தெரியும், நான்தான் தெரியாதவங்களுக்கும் சொல்லியிருக்கேனே." சிலர் சிரித்தார்கள். "பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் வந்து சொன்னா, நான் டிரைவரோட யோக்கியதையை விசாரிக்க மாட்டேன். வண்டியைத்தான் பாப்பேன். இங்கே ஒரு பிள்ளை பிரேக் பிடிக்கலைன்னு சொல்லியிருக்கு. நீங்க அந்தப் பிள்ளையை விசாரிக்கிறீங்க. இதைப் பாக்குற மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்? சொன்னா நமக்கும் இதே கதிதான்னு வாயை மூடிக்கும். அந்த ஆளுக்கு வேண்டியதே அதுதானே?"

 உட்காரப் போனவர் மறுபடியும் நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளை யாருன்னு எனக்கு அக்கறையில்லை" என்று ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னார். "ஆனா அது சொன்னதை நான் நம்புறேன்."

அதற்குப் பிறகு அவர் மனைவி எழுந்தாள். அவள் பொது இடத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "ஒரே ஒரு விஷயம். வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளைங்ககிட்ட, 'நீ என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன், நம்புவேன்'னு சொல்லுங்க. கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். இதை மட்டும் சொல்லிட்டுச் சும்மா இருங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சில நாட்கள் கழித்து மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். லாரிப் பட்டறைக்கு ஸ்கூட்டரைக் கொண்டுவருவானேன் என்று ஜாக்கிக்கு ஆச்சரியம். ஒரு உதை உதைத்ததும் எஞ்சின் குயில்போல் பாடியது.

"வண்டியில ஒண்ணுமில்லையே சார்."

"தெரியும்." மருந்துக்கடைக்காரர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டம்மா சொன்னதை என் மனைவி வீட்டுல போய்ச் சொன்னா. நான் வேண்டாம்னேன். அவ கேட்கலை. சொல்லி ரெண்டு நாள் ஒண்ணுமில்லை. நேத்துச் சாப்பிட உட்கார்ந்த பொண்ணு தட்டைப் பாத்துக்கிட்டே..." கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜாக்கி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்து டயரில் உட்கார்ந்தார்.

"நான் அந்தக் கூட்டத்துல என்னெல்லாம் பேசினேன் ஜாக்கி! என் பொண்ணு காதுல விழுந்திருக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேன்னு அம்மாகிட்ட கெஞ்சியிருக்கா."

"இப்ப உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் நம்புறேன்னு சொன்னேன். தப்பாப் பேசிட்டேன்னும் சொன்னேன்."

"அப்புறம் என்ன? அதுதான் சார் அவளுக்கு வேண்டியது. அந்த ஆலோசகர் நம்பர் தர்றேன், இப்பவே கூப்பிடுங்க. தங்கமான மனுஷி."

மருந்துக்கடைக்காரர் எண்ணை வாங்கிக்கொண்டு எழுந்தார். வண்டியைத் தள்ளப் போனவர் நின்று, "யார் பெத்த பிள்ளையோ தெரியலை. அந்த முதல் பொண்ணு வாயைத் திறக்கலைன்னா என் பொண்ணு சாகுறவரைக்கும் சொல்லியிருக்க மாட்டா. எப்படித்தான் வளத்தாங்களோ! அந்த அப்பன் அம்மாவை எங்கேயாவது பாத்தா கையெடுத்துக் கும்பிடுவேன்" என்றார்.

 ஊரைக் கூட்டி, லாரி மேல் ஏறி நின்று, ஹாரனை அடித்துச் சொல்ல வேண்டிய செய்தி ஜாக்கியின் வாய் வரை வந்து முட்டியது. விழுங்கினார். "ஆமா சார். கும்பிட வேண்டியது அந்தப் பொண்ணைத்தான்" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு, யாருமில்லாத பட்டறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். போனை எடுத்து மகளின் படத்தைத் தானே பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில், இன்னொரு பிள்ளையும் பேசியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். யார் என்று குட்டி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நீளமாக விட்டாள். "அப்ப நான் ஒருத்தி மட்டும் இல்லை" என்றாள்.

வழக்கு நெடுநாள் இழுத்தது. அந்த நாட்கள் எல்லாமே நல்ல நாட்கள் என்று சொல்ல முடியாது. குட்டி சில நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். ஆலோசகர் வாராவாரம் வந்தார். சில சமயம் அவர்கள் பேசுவார்கள். சில சமயம் வெறுமனே சீட்டு விளையாடுவார்கள், ஆலோசகர் தோற்பார்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் குட்டியைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். ஜாக்கி வெளியே வராந்தாவில் பெஞ்சு தேய நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். கதவு திறந்து மகள் வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்ப்பா. அவரோட வக்கீல் மாத்தி மாத்திக் கேட்டார். ஒண்ணுகூடத் தடுமாறலை. பசிக்குது."

அவளைத் தவிர இன்னும் சில பிள்ளைகளும் சாட்சி சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் மகளும் அதில் ஒருத்தி. தீர்ப்பு வந்தது. அந்த ஆள் சிறைக்குப் போனான்.

அதற்குள் மைதானத்தில் நிறைய மாறியிருந்தது. சாமான் அறையின் மரக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பயிற்சி நடக்கும் நேரமெல்லாம் இரண்டு பெற்றோர் முறைவைத்து உட்கார்ந்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார்கள். புது கோச்சாக ஒரு பெண் வந்தார்; பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரிப்பவர். ஆலோசகர் தெருத்தெருவாகப் போய்ப் பேசினார். கூட்டத்துக்கு ஆண்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, "அவங்க வரலைன்னா நீங்க வாங்க" என்று ஜாக்கி தன் பட்டறையையே ஒழித்துக் கொடுத்தார். லாரி டிரைவர்களும் மெக்கானிக்குகளும் டயர்கள்மேல் உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் நெளிந்தார்கள், எங்கோ பார்த்தார்கள். மீசை நரைத்த டிரைவர் ஒருவர் கூட்டம் முடிந்தும் போகாமல் நின்று, "எனக்கு எட்டு வயசுல நடந்துச்சும்மா. இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொல்றேன்" என்றார். ஆலோசகர் அவரோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

குட்டி தன் கதையை டீம் பிள்ளைகளிடம் மட்டும், ஒருநாள் பயிற்சி முடிந்ததும், தானாகவே சொன்னாள். என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டில் சொல்லவில்லை. பெற்றவர்களும் கேட்கவில்லை. அன்று அவள் மாடிப்படியைத் தாண்டித் தாண்டி ஏறிப் போனாள் என்பதை அம்மா மட்டும் கவனித்தாள்.

அவள் திரும்ப ஆடிய முதல் மேட்ச் வேறொரு ஊர் டீமோடு. விட்டுப்போன பழக்கம் அத்தனை சீக்கிரம் வருமா? முதல் சர்வீஸ் வலையில் முட்டி விழுந்தது. இரண்டாவது கோட்டைத் தாண்டிப் போய் எதிர் டீம் கோச்சின் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் மகள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜாக்கி தொண்டை கிழியக் கத்தினார். தவறிய ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினார். கடைசியில் டீம் தோற்றது. நன்றாகவே தோற்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் இவரை வினோதமாகப் பார்த்தார். "அந்த நெட்டையான பொண்ணு உங்க பொண்ணா? தோத்துட்டாங்களே, நீங்க இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

வியர்வையில் நனைந்து, மற்ற பிள்ளைகளின் தோளில் கைபோட்டு நின்ற மகளை ஜாக்கி பார்த்தார். சொல்ல ஆயிரம் இருந்தது. 

"ஆமாங்க" என்றார். "என் பொண்ணுதான்."